சித்திரையில் சோதித்த தண்ணீர்

ஒரு கழிப்பறைக் கதவைத் திறந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சிரிக்காதீர்கள். நம் வகுப்புக் குழுவில் ஆளாளுக்குப் பள்ளி நாட்களை எழுதுகிறீர்கள். ஒருவர் ஐஸ் வண்டிக்காரரை எழுதினார், ஒருவர் ஆண்டுவிழா நாடகத்தில் மீசை கழன்று விழுந்ததை எழுதினார். எனக்கு வாய்த்தது கழிப்பறை. இருபத்தேழு வயதில் பழைய கதை சொல்ல உட்காருவது அதிகப்படிதான். ஆனாலும் அடுத்த வாரம் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

எட்டாம் வகுப்பு, ஆனி மாதக் கடைசி. என் பக்கத்தில் உட்காருவாளே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனித் தெருவிலிருந்து வருவாளே, கணக்கில் எப்போதும் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கி என்னை அழவைப்பாளே, அவளை உங்களுக்கு நினைவிருக்கும். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டு முன்னால் நிறுத்தினாள்.

"திறந்து பாரு."

தகரக் கதவைத் திறந்தேன். வெள்ளைப் பீங்கானில் விளிம்பு வரை பழுப்புத் தண்ணீர் நின்றது. நான் பார்க்கும்போதே ஒரு குமிழி வந்து உடைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால், எட்டுத் தப்படி தூரத்தில் அந்தத் தெருவின் ஒரே அடிபம்பு. ஒரு அக்கா குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் புதுக் கழிப்பறையின் குழி. அதன் சிமெண்ட் மூடியின் ஓரத்தில் ஈரம் கசிந்து பச்சை கட்டியிருந்தது.

குழியைப் பார்த்தேன். பம்பைப் பார்த்தேன். என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு பாட்டில் மிச்சம் இருப்பது சட்டென்று நினைவுக்கு வந்தது.

பாட்டிலைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்திய கோடை விடுமுறையைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில்தான் ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டினார்கள். தூய்மைக் கிராமம் என்று ஒரு பரிசு. அதை வாங்கியே தீருவது என்று பஞ்சாயத்துத் தலைவர் சபதம் போட்டிருந்தார். நம் ஊரில் எதைக் கட்டினாலும் கோடையில்தான் கட்டுவார்கள். உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செங்கல் லாரி வயலுக்குள்ளேயே இறங்கிப் போகும். "தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்." வீடு மராமத்தோ, கல்யாணமோ, பாலமோ, எல்லாவற்றுக்கும் ஒரே கெடு.

அறிவியல் சார் சுகாதார மன்றம் ஆரம்பித்தார். பத்துப் பேர் சேர்ந்தோம். காகிதத் தொப்பி, கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் விசில். அந்த விசிலின் வாசனைகூட எனக்கு இன்னும் இருக்கிறது, புதுச் செருப்பைப் போல. பிறகு அந்தப் பாட்டில்கள். விரல் உயரக் கண்ணாடிப் பாட்டில், உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி, சூடான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் நிறம் அப்படியே இருக்கும். மலம் கலந்திருந்தால் கறுத்துவிடும். சார் இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாததை ஒரு பாட்டில் காட்டிக்கொடுக்கிறது!

பத்துப் பம்புக்குப் பத்துப் பாட்டில். கோயில் பம்பு பழுதாகிக் கிடந்ததால் ஒன்று மிஞ்சியது. "நீயே வச்சுக்கம்மா" என்று சார் என்னிடம் கொடுத்தார். சித்திரை வெயிலில் ஒன்பது பம்பிலும் தண்ணீர் பிடித்தோம். ஒன்றுகூடக் கறுக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒன்பது பச்சை டிக் போட்ட அட்டையை சார் தன் கையால் ஒட்டினார்.

காலனித் தெருவில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. வாய்க்கால் கரைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு நாடா போலக் கிடக்கிற தெரு அது. வீடுகளுக்குக் கொல்லை கிடையாது. பின்னால் இருக்கிற வயல் எங்களுடையது. அப்பா சிங்கப்பூரில்; குத்தகைக்கு விட்டிருந்தோம். வயல் ஓரமாக ஒரு கோல் அகலம், பத்துப் பன்னிரண்டு அடி, கொடுத்தால் குழிகளை அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் வந்து கேட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நெல்லு வெளையற எடத்துல, அதுக்கா எடம் கேக்கறீங்க? அவங்க அப்பா கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" தலைவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். குழிகள் தெருவின் முன்பக்கம், பம்பைச் சுற்றி வந்தன.

கொத்தனார் குழிக்குள் சிமெண்ட் உறை இறக்குகிற அன்று நாங்கள் தொப்பியோடு போய் நின்றோம். என் தோழியின் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு சாரிடம் சொன்னார்.

"சார், இங்க குழி எடுத்தா தண்ணி வந்தப்புறம் நிக்காதுங்க. இந்த மண்ணுல கால் வச்சாலே ஊறும்ங்க."

"ஏம்மா, இஞ்சினியர் வந்து பாத்துட்டுப் போன குழி இது. நீ நடவு நடும்போது நான் வந்து நாத்தை இப்படி நடுன்னு சொல்றேனா?"

எல்லோரும் சிரித்தோம். கொத்தனாரும் சிரித்தார். கழுத்தில் விசில் குலுங்க நானும் சிரித்தேன். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு, "சரிங்க சார்" என்று நகர்ந்துகொண்டார்.

பிறகு தண்ணீர் வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வருகிற நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுரையும் சருகும் செத்தையும் முன்னால் உருண்டு வரும். அதற்கு முன்னால் நாம் ஓடுவோம். காய்ந்த வாய்க்கால் உறிஞ்சிக்கொள்கிற சத்தம், அந்த மண் வாசனை. குறுவைக்கு நாற்றங்கால் விட்டார்கள். ஊரே குனிந்து வேலை செய்தது.

மன்றத்துக்கும் வேலை வந்தது. விடிகாலையில் வாய்க்கால் கரைக் காவல். யாராவது கரையில் ஒதுங்கினால் விசில் அடிக்க வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கழிப்பறை கட்டிக் கொடுத்த பிறகும் வருகிறவர்களுக்கு வெட்கம் வர வேண்டும் என்பது சாரின் விதி. ஒரு நாள் காலை, கருவேலம் புதருக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது. முதல் விசில் அடித்தேன். அந்த உருவம் எழுந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட நீலப் புடவை. அது யாருடைய புடவை என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் இரண்டாவது விசில் அடித்தேன். மூன்றாவதும் அடித்தேன். அவர் ஓடவில்லை. விசில் ஓயும் வரைக்கும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு, மெதுவாகக் கரையோடு நடந்து போனார்.

அன்றைக்கு என் பக்கத்து இடம் காலி. தோழி பின்வரிசைக்குப் போய்விட்டாள். "ஏன்டி சண்டையா?" என்று உங்களில் யாரோ கேட்டீர்கள். இரண்டு நாள் கழித்து மாலை மணி அடித்ததும் அவளே வந்தாள்.

"எங்கம்மா ஏன் அங்க வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியாடி நீ? விசில் மட்டும் நல்லா அடிக்கத் தெரியுது. வா, காட்றேன்."

அப்படித்தான் அந்தத் தகரக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். தண்ணீர் வந்த நாலாம் நாளே தெருவில் எல்லாக் குழியும் ஊறி நிரம்பிவிட்டது. பம்புத் தண்ணீரிலும் அப்போதிருந்தே ஒரு வாடை.

மிச்சமிருந்த பாட்டிலில் அந்தப் பம்புத் தண்ணீரைப் பிடித்தேன். அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கறுப்பு மார்க்கர் என்னிடம் இருந்தது. தண்ணீர் பட்டாலும் அழியாது. அதனால் 'காலனித் தெரு பம்பு' என்று அழகாக எழுதினேன். சார் என் கையெழுத்தைத்தான் எப்போதும் பாராட்டுவார். பாட்டிலைத் துணியில் சுற்றி, மாட்டுக்கு வைக்கிற தவிட்டு டின்னுக்குள் புதைத்தேன். அங்கே எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் எடுத்தபோது பாட்டில் முழுக்க மை. மூடியைத் திருகிப் பார்த்தேன், கூமுட்டை நாற்றம்.

"என்னடி அது, சாக்கடையாட்டம் நாறுது?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! மறுநாள் பிரேயருக்கு முன்னால் லேபுக்கு ஓடினேன். சார் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நான் பாத்துக்கறேன். பெரிய காரியம் பண்ணியிருக்கேம்மா நீ."

அவளிடம் மட்டும் சொன்னேன். "சார் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்டி."

"என்ன பாத்துக்குவாராம்?"

"குழியை மாத்துவாங்க. வேறென்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொன்னதை அவள் நம்பியது அதுதான் கடைசி.

நாலு நாள் கழித்துத் தலைவரும் ஒரு ஃபிட்டரும் காலனித் தெருவுக்கு வந்தார்கள். குழிகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். உடம்பில் சிவப்புப் பெயிண்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். "இது கெட்ட தண்ணி. குடிக்கக் கூடாது. பத்து நாள்ல பைப் லைன் வருது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வந்து புடிச்சுக்கங்க" என்று தலைவர் சொன்னாராம். கைப்பிடியை ஃபிட்டர் சைக்கிளில் கட்டி எடுத்துப் போனதைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நானே பார்த்தேன்.

சாரிடம் ஓடினேன். "குழியைத்தானே சார் மாத்தணும்?"

அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். "குழியை மூடினா அந்தத் தெருவுல கழிப்பறை இல்லேன்னு ஆயிடும். ஒரு தெருவுல இல்லேன்னா ஊருக்கே பரிசு கெடையாது. பம்பு பத்தி பரிசு ஃபாரத்துல கேள்வியே இல்லம்மா. பத்து நாள் பொறுத்துக்க, சரியாயிடும்." பாட்டிலைத் திருப்பிக் கேட்டேன். மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அதை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பக்கம் என்றால் எங்கள் தெருதான். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டு வாசலில் இருந்த பம்பு. காலனிப் பெண்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் குடத்தோடு வந்தார்கள். அவர்களுக்கு வரிசை கிடையாது. எங்கள் தெருக் குடங்கள் பம்படியில் வரிசையாக இருக்கும். அவர்கள் குடங்கள் எதிரில் வேலியோரம் காத்திருக்கும். எங்கள் தெருவில் கடைசிக் குடம் நிரம்பிய பிறகு அவர்கள் அடிக்கலாம். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. "நம்மாளுங்க புடிச்ச அப்புறம் புடிச்சுக்கட்டும், யாரு வேண்டாங்கறா?" என்றாள் அம்மா, பெரிய மனசோடு.

என் தோழி யூனிஃபார்மில் வந்து வேலியோரம் நிற்பாள். நான் தலை பின்னிக்கொண்டு அவளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவேன். முதல் இரண்டு நாள் நின்று பேசினேன். மூன்றாம் நாள், "போடி, மணி அடிச்சுடும்" என்றாள். அவள் வகுப்புக்குள் வரும்போது இரண்டாவது பீரியட் ஆகியிருக்கும். இடது தோள் நனைந்திருக்கும். அந்தக் காலாண்டில் கணக்கில் நான் அவளைவிட அதிகம் வாங்கினேன். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள்.

பத்து நாள் ஆயிற்று, இருபது ஆயிற்று. பைப் லைன் வரவில்லை. பரிசு வந்துவிட்டது. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டுப் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார்கள். சார் மைக்கில், "இந்த மாணவிதான் மாசுபட்ட ஒரு பம்பைக் கண்டுபிடித்து, ஒரு தெருவையே நோயிலிருந்து காப்பாற்றினாள்" என்றார். என்னை மேடைக்கு அழைத்து ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பந்தலின் ஓரத்தில், எங்கள் தெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என் தோழியின் அம்மா, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றார்.

"நீங்கதானா பாப்பா அது?"

கோபமே இல்லாத குரல். பதின்மூன்று வயதுப் பெண்ணை அவர் 'நீங்க' என்றுதான் எப்போதும் கூப்பிட்டார். அதை நான் கவனித்ததுகூட இல்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

"குழியை மாத்தறேன்னு சொன்னாங்க" என்றேன்.

"சொல்லுவாங்க" என்றார். குடத்தைச் சரித்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் வகுப்பு திறந்தபோது என் பக்கத்து இடம் காலி. "டி.சி. வாங்கிட்டாளா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அவள் அம்மாவோடு நடவுக்குப் போகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பைப் லைன் நாம் கல்லூரி முடித்த பிறகுதான் வந்தது. அந்தக் கைப்பிடி எங்கே போயிற்று என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால், இரண்டு வருடம் முன்பு சான்றிதழ் வாங்கப் போனபோது பார்த்தேன். லேப் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான் இப்போது தஞ்சாவூரில் தண்ணீர் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆமாம், அந்தப் பாட்டில் என்னை விடவே இல்லை. போன மாதம் நம் ஊரின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர். அதில் பொய் இல்லை. நானே இரண்டு முறை பார்த்தேன். மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தபோதுதான் கை நின்றது. சித்திரை. சித்திரையில் எடுத்தால் நம் ஊர்த் தண்ணீர் எப்போதுமே நல்ல தண்ணீர்தான். காலனித் தெருவில் புதுக் குழாய் போவது அந்தப் பழைய குழிகளை ஒட்டித்தான். ஆனியில் மண் ஊறும்போது, மோட்டார் ஓடாத நேரத்தில் அந்தக் குழாய்க்குள் என்ன போகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

என் தோழியின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். அதே தெருவில்தான் இருக்கிறாள். அவள் பெண் நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள்.

"நான்தான்டி" என்றேன்.

"என்ன, விசில் அடிக்கவா?" என்றாள்.

"இல்லடி. பாட்டில்."

"அடிப்பாவி, அதை இன்னும் விடலையா நீ?"

மூச்சு விடாமல் சொன்னேன். தேதி, குழாய், குழி, ஆனி மாதம். முழுக்கக் கேட்டாள்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு உன்கிட்ட ஒரு பாட்டில்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அதை எங்க தெரு பம்புல புடிச்சே. உங்க தெருவுலயும்தான் கக்கூஸ் கட்டுனாங்க. உங்க பம்பும் வாய்க்கா ஓரந்தான். அதுல புடிச்சிருந்தா?"

பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. வேலியோரம் அத்தனை நாள் நின்று அவர்கள் பிடித்துப் போனது நல்ல தண்ணீர்தானா? தெரியாது. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"கறுத்திருந்தாலும் அந்தக் கைப்பிடியை எவன் கழட்டியிருப்பான்?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குச் சேர வேண்டியது ஏதும் இல்லை. "பாட்டில் நீ கொண்டா. எழுதறது நான் எழுதுவேன். கறுத்தா யாருகிட்டயும் குடுக்கக் கூடாது, எங்க தெருவுலதான் இருக்கும். கிராம சபைக்கு நாங்களே எடுத்துட்டுப் போவோம். மொத பாட்டில் உங்க வீட்டுக் குழாயில. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

இருபது பாட்டில் வாங்கியாயிற்று, ஒரு மார்க்கரும். தண்ணீர் வந்து, மண் நன்றாக ஊறி, பதினைந்து நாள் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடிக்கப்போகிறோம். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கும். ஊரில் இருக்கிறவர்கள் வாருங்கள். ஆனால் பாட்டிலை யார் கேட்டாலும், சாரே வந்து கேட்டாலும், எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நேற்று ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டாள், "யாருடி அவ்வளவு நேரமா போன்ல?" சொன்னேன். "அந்தப் பொண்ணா? எதுக்கு நம்ம வீட்டுக்கு வருது?"

"தண்ணி புடிக்கம்மா."

"அதான் அவங்க வீட்டுலயே குழாய் இருக்கே?"

பாட்டிலைக் காட்டி விளக்கினேன். "நம்ம தண்ணிக்கு என்ன கேடு?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். என் தோழியின் தெருவில் பாட்டில் கறுத்தால் குழிகளை மாற்ற வேண்டும். மாற்ற இடம் வேண்டும். அந்தத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற இடம் அன்றைக்கும் எங்கள் வயல், இன்றைக்கும் எங்கள் வயல். ஒரு கோல் அகலம். அதை அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறேன், என் தோழி எங்கள் அடுக்களைக் குழாயில் முதல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் காதுபட.